பீரோவில் விழுந்த மூன்றாவது ஓகே

ஆங்கிலம் தெரியாதவர்களும் தடுமாறாமல் பேசும் ஆங்கில வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'ஓகே'தான். நம்மிடம் 'சரி' இருக்கும்போது இது எதற்கு என்று தமிழ்ப் பற்று உள்ளவர்கள் கேட்பார்கள். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 'சரி' என்று சொல்லிவிட்டால் சொன்னவன் அதற்குப் பொறுப்பு. 'ஓகே' என்று சொன்னால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. அந்த வசதிக்காகத்தான் அதை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் பம்பாயில் அந்த வார்த்தை படாத பாடு பட்டது. மாதுங்காவில் எனக்கு முடி வெட்டுபவர் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு, தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து "ஓகே?" என்பார். (இல்லை என்று சொன்னால் மட்டும் ஒட்டவா போகிறார்?) தாராவியில் என் அக்கா "ஓகே" என்றால் பேச்சு முடிந்தது, எழுந்து போ என்று பொருள். அத்தான் "ஓகே, ஓகே" என்று இரட்டையாகச் சொன்னால் நாம் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை என்று பொருள். குர்லாவில் எங்கள் முதலாளி காதர் பாய் தொலைபேசியில் "ஓகே சேட், நாளைக்குக் காலையில சரக்கு உங்க கடையில" என்றால் அந்தச் சரக்கு இன்னும் வெட்டாத தகடாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வார்த்தையைச் சொல்லிக் கெட்டவர்கள் ஊரில் ஏராளம். எழுதிக் கெட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

காதர் பாயின் பட்டறையில் இரும்பு பீரோ செய்வோம். எனக்கு அங்கே செக்கர் வேலை. பீரோ பெயிண்ட் காய்ந்து வந்து நின்றதும், கதவைத் திறந்து மூடி, பூட்டைப் போட்டுப் பார்த்து, உள் லாக்கரை இழுத்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் பக்கத் தகட்டில் மஞ்சள் மெழுகுச் சாக்பீஸால் பெரிதாக 'ஓகே' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்த எழுத்து இருந்தால்தான் லாரியில் ஏற்றுவார்கள். சட்டப்படி அதன் பொருள் 'பார்த்தாகிவிட்டது'. நடைமுறையில் அதன் பொருள் 'லாரி வந்துவிட்டது'. வாசலில் லாரிக்காரர் ஹார்ன் அடித்தால் ஓகே வேகமாக விழும். திட்ட ஆரம்பித்தால் அதைவிட வேகமாக விழும்.

என் ஓகேயில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. ஓ சாதாரணம்தான். கே-யில்தான் என் கைவரிசை. அதன் வலது காலைக் கீழே இழுத்து, ஒரு சுழி சுழித்து, மேலே தூக்கி விடுவேன். பட்டறையில் வேறு யாருக்கும் அப்படி வராது. (யாரும் முயற்சி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சில பீரோக்களில் கதவு கொஞ்சம் தொங்கிவிடும். கீழ் மூலை சட்டத்தில் இடித்துக்கொண்டு மூட மறுக்கும். கீலில் ஒரு வாஷரைக் கொடுத்துத் தூக்கினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு நேரம் ஆகும். லாரிக்காரரோ கத்திக்கொண்டிருப்பார். ஆகவே எங்களுக்குள் ஒரு குறுக்கு வழி இருந்தது. வலது கையால் கைப்பிடியை மேலே தூக்கு, இடது முழங்காலால் கீழ் மூலையை அழுத்து, தோளால் ஒரு இடி. 'டக்' என்று மூடிக்கொள்ளும். உடனே கை சட்டைப்பைக்குப் போகும், சாக்கை எடுக்கும், எழுதும். முழங்கால், தோள், டக், ஓகே. எனக்கு அது தூக்கத்திலும் வருகிற அளவுக்குப் பழகிவிட்டது. பீரோ வாங்கிய வீட்டில் அந்த முழங்காலுக்கு எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் செய்து வைக்க அக்கா முடிவு செய்தாள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஏனென்றால் பெண்ணை நான் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். மாதுங்காவில் எங்கள் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வடிவு ரசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். நான் ரசத்தைப் பார்க்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. அது இலையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, என் புதுப் பேண்டில் இறங்கிச் சுட்டபோதுதான் எழுந்தேன்.

"போதும்னு சொல்லணும்லா?" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் இல்லை. விசாரித்ததில் அவர்களும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், செம்பூரில் குடியிருக்கிறார்கள், ஒரே மகள் என்று தெரிந்தது. அக்கா பேசினாள். என் வேலையை 'இன்ஸ்பெக்டர்' என்று உயர்த்திச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

குர்லாவில் வண்டி மாறி ஏறியதும் அக்கா ஒரு செய்தி சொன்னாள்.

"ஏல, அந்த வீட்ல யாரும் ஓகேன்னு சொல்லக்கூடாதாம். பொண்ணோட அப்பாவுக்கு அந்த வார்த்தையே ஆகாதாம். கேட்டா சாமி வந்தவுக மாதிரி ஆடுதாகளாம்."

"ஏங்க்கா?"

"யாருக்குத் தெரியும்? பெரிய மனுசங்களுக்கு ஏதாவது ஒண்ணு இருக்கும். அத்தான், ஒங்களுக்கும்தான். வாயத் தொறக்காதீய. ஓகேவா?"

"ஓகே, ஓகே" என்றார் அத்தான்.

வடிவின் அப்பா சண்முகவேல் மாமாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். கப்பலில் வந்து உடைந்தும் நனைந்தும் போன சரக்கைப் பார்த்து, குற்றம் யாருடையது என்று தீர்மானிக்கிற பிரிவு. இருபது வருடங்களாக உடைந்த பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவர் எதைப் பார்த்தாலும் முதலில் கீறலைத்தான் தேடுவார். வாசலில் என்னை வரவேற்றபோதும் மேலிருந்து கீழ், முன்புறம், பக்கவாட்டு என்று பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்றார்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு பச்சை பீரோ நின்றது. அதன் பக்கத் தகடு வாசலைப் பார்த்திருந்தது. பீரோ முழுவதும் துடைத்துப் பளபளவென்று இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகத் தூசி. தூசிக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு ஓகே. அதன் கே-யின் கால் கீழே போய், ஒரு சுழி சுழித்து, மேலே போயிருந்தது.

அது என் கே.

"பாக்கீகளா? பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார் மாமா. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "பொண்ணுக் கல்யாணத்துக்குன்னு போன வருசம் தாதர்ல ஒரு கடையில வாங்கினது. வீட்டுக்கு வந்த அன்னைல இருந்து கதவு மூடல. கடைக்காரன்கிட்ட போயிக் கேட்டா, 'ஓகே போட்டிருக்கு சாப், பிறவு என்ன ப்ராப்ளம்'ங்கான். எந்தப் பட்டறையில செஞ்சீகன்னா சொல்ல மாட்டேங்கான். ஓகேயாம்ல, ஓகே! சவத்த, இந்த எழுத்தப் போட்டவன் ஒருநாள் என் கையில ஆம்புடாமலா போவான்? அதுக்குத்தான் அழிக்காம வச்சிருக்கேன். சாட்சி!"

"அதுல இருந்து இந்த வீட்ல அந்த வார்த்த கெடையாது" என்று அடுக்களை வாசலிலிருந்து மாமி மெதுவாகச் சொன்னார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். துணி துவைக்கும்போது என் சட்டைப்பைகளில் மஞ்சள் கறை எடுத்தே நொந்தவள் அவள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பீரோவின் நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.

"நீங்களும் பீரோ லைன்தான தம்பி? இன்ஸ்பெக்டர்னு சொன்னாக. இந்தக் கையெழுத்தப் பாத்து ஏதும் சொல்ல முடியுமா?" என்று மாமா கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்த ஓகேயைக் கவனமாக ஆராய்ந்தேன். பிறகு நிமிர்ந்து, "அனுபவம் இல்லாத ஆளு மாமா. கே-யப் பாத்தாலே தெரியுது. தொழில் தெரிஞ்சவன் இப்படி வால் போட மாட்டான்" என்றேன்.

"அச்சா! அப்படிச் சொல்லுங்க!" மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வருடமாகத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தவருக்குத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "பாத்தியா?" என்று மாமியிடம் திரும்பினார். "படிச்ச புள்ள, டக்குனு கண்டுபிடிச்சிட்டாரு." என் தோளைத் தட்டி உட்கார வைத்தார். ஊர், குடும்பம், சம்பளம் எல்லாவற்றையும் அன்பாக விசாரித்தார். நான் என்னையே இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன். அவர் இன்னும் மகிழ்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று எனக்கே தைரியம் வந்துவிட்டது.

வடிவு காபி கொண்டுவந்தாள். என்னை அடையாளம் தெரிந்து அவள் பார்வை ஒரு தடவை என் பேண்டுக்குப் போய்த் திரும்பியது. (வேறு பேண்ட்தான் போட்டிருந்தேன்.) உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்தச் சிரிப்பை அடக்கிய அழகில் எனக்கு எஞ்சியிருந்த கொஞ்ச நஞ்ச அறிவும் போயிற்று.

வெற்றிலைத் தட்டை எடுத்து வரும்படி மாமி சொன்னார். தட்டு பீரோவில் இருந்தது. வடிவு திறந்து எடுத்துவிட்டு, கதவை மூடப் பார்த்தாள். அது மூடவில்லை. தள்ளினாள். கீழ் மூலை 'கிறீச்' என்று இடித்து நின்றது. இன்னொரு முறை தள்ளினாள். தட்டில் இருந்த பாக்கு உருண்டது.

ஒரு பெண் கஷ்டப்படும்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தேன். எழுந்தது மட்டும்தான் நான். அதற்குப் பிறகு நடந்ததற்கு என் உடம்புதான் பொறுப்பு. வலது கை கைப்பிடியைத் தூக்கியது. இடது முழங்கால் கீழ் மூலையை அழுத்தியது. தோள் ஒரு இடி இடித்தது. டக்!

ஒரு வருடமாக மூடாத கதவு மூடிக்கொண்டது. மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அட!" என்றார் அத்தான்.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் டக்குக்குப் பிறகு என் கைக்கு இன்னொரு வேலை இருந்தது. அது சட்டைப்பைக்குப் போனது. பெண் பார்க்கப் புதுச் சட்டை போட்டிருந்தேன்தான். இருந்தாலும் மெழுகுச் சாக்பீஸ் இல்லாமல் வெளியே கிளம்பினால் எனக்கு ஏதோ குறைகிறமாதிரி இருக்கும் என்று, கிளம்பும்போது பழைய சட்டையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். கை சாக்கை எடுத்தது. பக்கத் தகட்டுக்குப் போனது. மாமா ஒரு வருடமாகப் பாதுகாத்த சாட்சிக்கு நேர் கீழே, அதே மஞ்சளில், அதே அளவில், ஓகே என்று எழுதியது. கே-யின் காலைக் கீழே இழுத்து, சுழித்து, மேலே தூக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மேலே ஒரு ஓகே, கீழே ஒரு ஓகே. ஒரே அச்சில் எடுத்த மாதிரி.

மாமா எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அனுபவம் இல்லாத ஆளுன்னு நீங்கதான சொன்னீக?" என்றார் நிதானமாக.

"ஆமா மாமா."

"அது ஒண்ணுதான் உண்மையாச் சொல்லிருக்கீக."

சாமியாடுவார் என்று எதிர்பார்த்தோம். ஆடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அக்காவிடம் திரும்பி, "அம்மா, கோவிச்சுக்காதீக. பாக்காமலே பாத்தாச்சுன்னு எழுதுத ஆள்கிட்ட என் பொண்ண எப்படிக் குடுக்க? இது சரிப்படாது" என்றார். பிறகு என்னிடம், "ஆனா தம்பி, பீரோ வேற, சம்பந்தம் வேற. அடுத்த ஞாயித்துக்கெழம சாமானோட வந்து கதவச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போகணும். அது ஒங்க கடமை" என்றார். வடிவு உள்ளே போய்விட்டாள். போகும்போது அவள் சிரித்தாளா, கோபமாகப் போனாளா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அக்கா தாராவி வரைக்கும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகு ஆரம்பித்தவள் இரவுச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. அத்தான் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அந்த முழங்கால் வித்தைய எனக்கும் சொல்லிக் குடுல" என்று கேட்டார்.

மறுநாள் காதர் பாயிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "என் பட்டறைப் பீரோ ஒருத்தர் வீட்ல ஒரு வருசமா மூடாமக் கெடந்திருக்கே தம்பி. எனக்குல்ல அசிங்கம்" என்றார். ஒரு பை நிறைய வாஷர்களை எடுத்துக் கொடுத்தார். "இனிமே லாரி நிக்கட்டும். ஹார்ன் அடிச்சு பேட்டரி செத்தாலும் நிக்கட்டும்" என்றார். அதன் பிறகு அவர் பட்டறையில் நான் பார்க்காமல் ஓகே போடவில்லை. லாரிக்காரர்கள்தான் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு கடப்பாரையும் வாஷருமாகச் செம்பூர் போனேன். மாப்பிள்ளையாகப் போன வீட்டுக்குக் கூலியாளாகப் போவதில் ஒரு சௌகரியம் இருந்தது. மாப்பிள்ளையென்றால் பெண்ணை ஒரு தடவைக்கு மேல் பார்க்க விடமாட்டார்கள். கூலியாளை யாரும் கவனிப்பதில்லை. கடப்பாரையால் கதவை நெம்பித் தூக்கி, கீலைக் கழற்றாமலே நுழைவதற்காக ஒரு பக்கம் வெட்டிய வாஷர் ஒன்றை அதன் இடுக்கில் செருகினேன். ஒரு விரலால் தள்ளினாலே கதவு மூடியது. மாமா திறந்து மூடி, திறந்து மூடி, "ம்" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் வடிவு தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதலியா?" என்று கேட்டாள்.

"நான் எழுதுனா யாரு நம்பப் போறா? ஒங்க அப்பாவே எழுதட்டும்" என்று சாக்கை எடுத்து பீரோவின் தலையில் வைத்தேன். ரோஷம்தான். ஆனால் குரல் என்னவோ அழுகிறமாதிரி வந்தது. இனி இந்த வீட்டுக்கு வரக் காரணம் இல்லையே என்று மனம் கனத்திருந்தது.

அந்த வாரமே பட்டறைக்குத் தொலைபேசி வந்தது. மாமாதான். "கதவு மறுபடி உக்காந்துட்டு. என்னத்தப் பாத்தீகளோ!"

போய்ப் பார்த்தால் கீலில் வாஷர் இல்லை. தரையில் தேடினேன், பீரோவுக்கு அடியில் படுத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. வேறொன்றைச் செருகினேன். அன்றைக்குத் தேநீரோடு முறுக்கும் வந்தது. அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் தொலைபேசி. மறுபடியும் வாஷரைக் காணோம். எனக்குத் தொழிலே தெரியாதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பட்டறையில் ஒரு பழைய கதவில் அதே வாஷரைச் செருகி, நூறு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். அது அசையவே இல்லை. செம்பூர்க் காற்றில் ஏதோ இருக்கிறது என்று காதர் பாயிடம் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அடுத்த முறை போனபோது சாப்பாடு. மாமா பக்கத்தில் உட்கார வைத்து, உடைந்த சரக்குகளின் கதைகளைச் சொன்னார். ஒரு முறை பெட்டி முழுக்கப் பீங்கான் தூள் தூளாக வந்ததாம். மேலே 'பத்திரமாகக் கையாளவும்' என்று எழுதியிருந்த பலகைக்கு மட்டும் ஒரு கீறல் இல்லையாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வடிவு ரசம் ஊற்றினாள். நான் சரியான நேரத்தில் "போதும்" என்றேன். மாமி எதற்கோ உள்ளே போய்ச் சிரித்தார். இவ்வளவு நடந்தும் எனக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. என் மண்டை முழுக்க வாஷர்தான்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பெரிய தியாகி மாதிரி ஒரு முடிவைச் சொன்னேன்.

"மாமா, இனிமே ஒங்களக் கஷ்டப்படுத்த மாட்டேன். நாளைக்கே லாரி கொண்டுவந்து பீரோவ பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன். கதவையே மாத்திப் புதுசு போட்டுத் தாரேன். அப்புறம் நான் இங்க வரவேண்டிய அவசியமே இருக்காது."

"வேண்டாம்! வேண்டாம்!" என்று மாமா பதறி எழுந்துவிட்டார்.

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். மாமா என்ன நினைத்தாரோ, நேரே பீரோவிடம் போனார். கதவு 'ஆ' என்று திறந்துதான் கிடந்தது. அன்றைய வாஷரை நான் இன்னும் செருகவே இல்லை. பீரோவின் தலையில் கையைத் துழாவி, நான் வைத்த சாக்கை எடுத்தார். என் இரண்டு ஓகேக்களுக்கும் கீழே, குமாஸ்தாவின் ஒல்லி எழுத்தில், தன் பரம விரோதியான அந்த வார்த்தையை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

"மாமா, கதவு இன்னும் மூடவே இல்லியே. பாக்காம எழுதுறீகளே" என்றேன்.

"யாரு பாக்காம எழுதுனா? ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். "ஒரு ஆளு வேலைய ஒழுங்காப் பாக்கானா, திரும்பத் திரும்பக் கூப்பிட்டா மூஞ்சி சுளிக்கானா, எல்லாம் பாத்தாச்சு. போயி அக்காவையும் அத்தானையும் கூட்டிட்டு வாங்க."

வடிவு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நிறைவான பகல் வேறொன்று வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கல்யாணம் முடிந்து பீரோ காதர் பாயின் லாரியில் தாராவிக்கு வந்தது. வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வழக்கமான அந்த லாரிக்காரரே ஓட்டி வந்தார். இறக்கும்போது பக்கத் தகட்டைப் பார்த்து என்னிடம், "என்ன தம்பி, ஒரு பீரோவுக்கு மூணு தடவையா?" என்று கேட்டார். கீலில் வாஷரைச் செருகி நிறுத்தினேன். அது அப்படியே இருந்தது. விழவில்லை, தொலையவில்லை.

சில நாள் கழித்து எதையோ தேடி உள் லாக்கரைத் திறந்தேன். வடிவின் குங்குமச் சிமிழ் கையில் தட்டுப்பட்டது. எடுத்தால் கனமாக இருந்தது, கலகலவென்றது. திறந்து பார்த்தேன். உள்ளே என் வாஷர்கள். ஒரு பக்கம் வெட்டியவை, நான் செருகியவை, ஒன்று குறையாமல் குங்குமத்தில் புரண்டு கிடந்தன.

"வடிவு!" என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

"நீயா எடுத்த?"

"பின்ன, தானா வந்து சிமிழுக்குள்ள ஏறிக்குமா?"

"அவ்வளவு கனமான கதவ நெம்பித் தூக்க எனக்கே கடப்பாரை வேணும். நீ எப்படித் தனியாத் தூக்குன?"

"நான் எங்க தூக்குனேன்?" என்றாள். "நான் வாஷர உருவ மட்டும்தான் செஞ்சேன். கதவத் தூக்குனது அப்பா."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சரிப்படாது என்று ஒரு தடவை சொன்ன வாயால், மகளின் மனம் தெரிந்த பிறகும், அந்த மனுஷரால் திரும்பக் கூப்பிட முடியவில்லை. சம்பந்தம் பேசக் கூப்பிட முடியாது. ஆனால் பீரோ ரிப்பேர் என்றால் கூப்பிடலாம். அதற்காக ஞாயிறு தோறும் நான் திரும்பிப் போனதும், துறைமுகத்து உத்தியோகஸ்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்துக் கதவைத் தூக்கியிருக்கிறார்.

மாமா இருந்தவரை இதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து மூடிப் பார்ப்பார். "ஓகேவா மாமா?" என்று கேட்பேன். "ம்" என்பார்.

பீரோ இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் அந்த மூன்று ஓகேக்களைச் சுற்றித்தான் அடித்தோம். வீட்டில் நான் ஏதாவது ஒன்றை ரிப்பேர் செய்து, அது மறுநாளே பழையபடி ஆகிவிட்டால் என் பிள்ளைகள் என்னைக் குறை சொல்வதில்லை. நேரே அடுக்களைக்குப் போய் அவளைத்தான் கேட்பார்கள்.

"அம்மா, வாஷரக் குடுத்துருங்க."